மாடியேறத் தகுந்த துக்கம்

மனிதர்களில் ‘தேர்ந்தெடுக்கும் டாக்டர்’ என்றொரு இனம் உண்டு. மனநலப் பிரிவுப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். நம்முடைய டாக்டர் யாரையும் வாய்விட்டுப் போ, வா என்று சொல்வதில்லை. பேனாவைத் தூக்கிக் காட்டினால் மேல்மாடி. தாழ்த்தினால் மருந்து கொடுக்கிற இடம். மேலே மெத்தை நாற்காலி, கண்ணை உறுத்தாத விளக்கு, வாரம் தவறாமல் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். கீழே மாத்திரை.

செருப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார் என்று சொன்னால் அது அபாண்டம். அவர் காதால்தான் எடை போடுவார். கல்லூரிப் பேராசிரியை வந்து, “எனக்குள்ள ஒரு வெறுமை, டாக்டர்” என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆகா, தன்னையே ஆராயத் தெரிந்த மனசு! பேனா மேலே போயிற்று.

அடுத்து வந்தவள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புத் துவைக்கிறவள். “கண்ணு முன்னாடி நிக்காதே” என்று ஆத்திரத்தில் அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு வீட்டைவிட்டுப் போன மகன் இன்னும் திரும்பவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“நெஞ்சை அடைக்குது, சார். கண்ணை மூட முடியல. யார்கிட்டயாவது சொல்லி அழணும்போல இருக்கு.”

“ஓகோ, தூக்கம் வரலையா?”

கெட்ட எண்ணமே கிடையாது. பாவம், உழைக்கிற ஜனம். துணி அலசவே நேரம் போதாது, மனசை எங்கே அலசுவது? பேனா கீழே இறங்கியது.

மாடிக்குக் கூப்பிடக் காத்து வெளியே பெஞ்சில் இருந்த பேராசிரியை இரக்கப்பட்டு வழி சொல்லிக் கொடுத்தாள். அடுத்த முறை சலவைக்காரி பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: “எனக்குள்ள ஒரு வெறுமை, சார்.”

“யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“மாடிக்குப் போவாங்களே, அந்த அம்மா...”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரவல் வார்த்தை! சொந்தமாக ஒரு துக்கம்கூடக் கிடையாது! மாத்திரையைக் கூட்டி எழுதினார். அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமலே படியிறங்கினாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். மகன் வந்து கதவைத் தட்டினாலும் காதில் விழாது, அப்படியொரு தூக்கம்.

என்ன, டாக்டர்மேல் கோபம் வருகிறதா? வரட்டும். நேற்று உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் குழாயை மூடிவிட்டு, “மனசே சரியில்லக்கா” என்றாளே, நீங்கள் என்ன செய்தீர்கள்? தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்து, “போட்டுக்கோ, சரியாயிடும்” என்றீர்கள். தங்கமான மனசு உங்களுக்கு. அவளும் போட்டுக்கொண்டு, மிச்சப் பாத்திரத்தையும் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.