பிரேக் பிடித்த குற்றம்

ஒரு பொருளை விற்க வேண்டுமானால் அதன் மதிப்பு தெரிய வேண்டும். மதிப்பு தெரிய வேண்டுமானால் அதைச் சொல்ல ஒரு அலுவலகம் வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பழைய பந்தயக் கார்களின் நகல்களை மதிப்பிடும் வாரியம் அப்படித்தான் உருவானது. அதற்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், அதற்கு ஒரு டிரைவர்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்தவர் பட்டறையை விற்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் உட்கார்ந்து அப்படி ஒரு நகலைச் செய்து முடித்திருந்தார். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உள்ள ஒரு பச்சை நிறப் பந்தயக் காரின் நகல் அது. கதவு மூடினால் சத்தம் வராது. எஞ்சின் பூனை மாதிரி உறுமும்.

அவர் மனைவிக்கு வேண்டியது கார் அல்ல, ஷெட். சீருடை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தையல் மெஷின்கள் படுக்கையறையில் இருந்தன. துணி மூட்டைகள் கட்டிலில் இருந்தன. கணவனும் மனைவியும் மிச்சமிருந்த இடத்தில் இருந்தார்கள். பெரிய ஆர்டர் ஒன்று வரப்போகிறது, இடம் இருந்தால்தான் எடுக்க முடியும், காரை விற்றே ஆக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். வாரியத்தின் தரச் சான்று இல்லாத நகலைச் சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே மதிப்பீட்டு அதிகாரி வரவழைக்கப்பட்டார்.

அதிகாரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார், உள்ளே உட்கார்ந்தார், பிரேக்கைக் காலால் அழுத்தினார். அவர் முகம் வாடியது.

"பிரேக் பிடிக்குது."

"நல்லாவே பிடிக்கும் சார்," என்றார் பட்டறைக்காரர் பெருமையாக.

"அதைத்தான் குறையா எழுதப்போறேன். அசல் கார் எப்படிப் பேர் வாங்குச்சு? கடைசி வளைவுல பிரேக் பிடிக்காம வைக்கோல் போர்ல போய்ச் சொருகுச்சு. அன்னைக்கு இருந்த நிலைமைதான் எங்களுக்கு அளவுகோல்."

"ஓட்டுறவன் உயிரோட இருக்கணுமே சார்."

"அது எங்க வாரியத்தோட வரம்புக்குள்ள வராது."

மூன்றாம் தரம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். பட்டறைக்காரர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? அவர் கேக்குற மாதிரி கெடுத்துக் குடுங்க. பட்டறையில எத்தனை பேரோட வண்டியைச் சும்மாவே கெடுத்துக் குடுத்திருக்கீங்க."

கெடுப்பது செய்வதைவிடக் கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரேக்கைத் தளர்த்தினார். அடுத்த முறை வந்த அதிகாரி தரையைப் பார்த்துவிட்டு, எண்ணெய் சொட்டவில்லையே என்று வருத்தப்பட்டார். சொட்ட வைத்தார். வலப்பக்கம் சொட்டுகிறது, அசலில் இடப்பக்கம் என்றார் அதிகாரி. அதையும் மாற்றினார். கதவு உதைத்தால்தான் திறக்க வேண்டும் என்றார்கள், உதைத்தால்தான் திறந்தது. இரண்டாம் தரம் கிடைத்தது. முதல் தரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். வைக்கோல் போரில் மோதியதும் அசலின் எஞ்சின் நின்றுபோனதாம். பிறகு அது கிளம்பவே இல்லையாம்.

ஊரில் அப்போது அதுதான் நாகரிகம். பெரிய மனிதர்கள் முதல் தர நகல்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்கு வருவார்கள். யாராவது தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தால், பாவம், என்ன கஷ்டமோ என்று பேசிக்கொள்வார்கள். பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினுக்குள் கையை விட்டார். முதல் தரம் வந்தது.

சான்று வந்த வாரமே ஒரு செல்வந்தர் வந்தார். அவர் வந்தது ஒரு பழைய பச்சைக் காரில். பின்னால் ஒரு காலி லாரி. விற்பனையை மேற்பார்வையிட வந்திருந்த அதிகாரி அந்தக் காரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"யார் செஞ்ச நகல் இது? பிரேக் பிடிக்குது, ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. மூன்றாம் தரம்கூடத் தேறாது."

"இது நகல் இல்ல சார், அசல்," என்றார் செல்வந்தர், தலை குனிந்தபடி. "எங்க அப்பா வாங்கினது. ஓட்டணும்னு ஆசைப்பட்டு எல்லாத்தையும் சரி பண்ணித் தொலைச்சுட்டேன். இப்ப கிளப்புல தலை காட்ட முடியல. அதான் இதை வாங்க வந்தேன்."

அதிகாரி அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். கேட்ட விலை கைமாறியது. நகலை எல்லோரும் சேர்ந்து லாரியில் தள்ளி ஏற்றினார்கள். செல்வந்தரும் லாரியிலேயே ஏறிக்கொண்டார். அசலை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதை வைத்திருப்பதே அவமானம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பட்டறைக்காரரின் கண் கலங்கியது. அவர் அதை ஷெட்டுப் பக்கம் மெல்லத் தள்ளத் தொடங்கினார். மனைவி ஷெட் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்."

பிறகு லாரியைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, இது ஓடுமா?"

"ஓடும்மா," என்றார் செல்வந்தர். "அதுதான் பிரச்சினையே."

மனைவி சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். அன்று மாலையே மெஷின்கள் ஷெட்டுக்குப் போயின. கட்டிலில் கட்டில் மட்டும் இருந்தது. பெரிய ஆர்டரும் வந்தது. கார் தெருவில் வெயிலில் நின்றது. துணி மூட்டை கொண்டுபோக அது வசதியாக இருந்தது.

செல்வந்தர் தன் முதல் தரக் காரைக் கண்காட்சி அரங்கில் கயிறு கட்டி நிறுத்தினார். தெருவே கிளம்பிப் போய் டிக்கெட் வாங்கி வெயிலில் வரிசையில் நின்றோம். அப்போது பட்டறைக்காரர் மனைவி, அரங்கின் காவலர்களுக்குத் தைத்த சீருடைகளோடு வந்து வாசலில் காரை நிறுத்தினார்.

காவலர் ஓடி வந்தார். "அக்கா, மூட்டையை இறக்கிட்டு இதை அந்தப் பக்கம் கொண்டுபோயிடுங்க. உள்ள இருக்கிற காரைப் பார்க்க வந்தவங்க இதைப் பார்த்து ஏமாந்துடப்போறாங்க."

பட்டறைக்காரர் மனைவி மூட்டைகளை இறக்கினார், சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது.

"பார்த்தீங்களா, ஸ்டார்ட் ஆகுது," என்றார் வரிசையில் முன்னால் நின்றவர். "நல்ல காரா இருந்தா ஆகுமா?"

மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டிக்கெட்டை வாங்கிவிட்டோமே.