கோச்சுக்கினான் கொல்லை

திருத்தணி வட்டாரத்தில், ஊரே 'கெஜட்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பெரியவரைப் போலச் சரித்திரம் சொல்ல ஆள் கிடையாது. ஒரே சரித்திரத்தை அவர் இரண்டு முறை ஒரே மாதிரி சொன்னதும் கிடையாது. கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவின் பண்ணையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவது அவர் வேலை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பண்ணையின் பெயர்க் காரணத்தை விளக்குவது அவராக எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

பண்ணையின் பெயர் கோச்சுக்கினான் கொல்லை. சித்தப்பாவின் கொள்ளுத்தாத்தா அண்ணனிடம் கோபித்துக்கொண்டு வந்து இங்கே குடிசை போட்டவர். கடைசிவரை ஊருக்குள் திரும்பிப் போகவில்லை. அதுவரை உண்மை. என்ன சண்டை என்பதில்தான் கெஜட் கைவரிசை காட்டுவார். உரக்கடைக்காரர் கேட்டால் எருவுக்காகச் சண்டை என்பார், கரண்ட் லைன்மேன் கேட்டால் விளக்குக்காக என்பார். எனக்குச் சொன்னது, கருவாட்டுக் குழம்பில் தலை யாருக்கு என்று.

சித்தப்பாவுக்கு அந்தப் பெயரே ஆகாது. மகள் கல்பனாவைப் பெண் பார்க்கச் சித்தூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் 'முருகன் ஃபார்ம்ஸ்' என்று புதுப் பலகை மாட்டிவிட்டார்.

"கெஜட்டண்ணா, கோச்சுக்கினு வந்த வம்சம்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க."

"ஆங்" என்ற கெஜட், நாலு வெற்றிலையை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டார்.

அவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள்.

"முருகன் ஃபார்ம்ஸ்னா யாருக்குமே தெரியலீங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "உங்க பேரச் சொன்னப்புறம் டீக்கடைக்காரரு, 'கோச்சுக்கினான் கொல்லையா?'ன்னாரு. இன்னாங்க அது?"

சித்தப்பா பலகாரத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றப் பார்த்தார். மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்த கல்பனாவுக்கு முகம் வெளுத்தது. கெஜட் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கோச்சுக்கினு வந்தவரு மூணு நாளு பட்டினிங்க. நாலாம் நாளு அண்ணங்காரரே கூழு எடுத்துகினு வந்தாரு. ரெண்டு பேரும் ஒரே சட்டியில குடிச்சாங்க. நாளைக்கு எங்க பொண்ணு கோச்சுக்கினு வந்தாலும், மாப்ள கூழோட வந்துரணும். அவ்ளோதாங்க எங்க சரித்திரம்."

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பாவைத் தெலுங்கில் மச்சான் முறை வைத்தே கூப்பிட்டார்: "பாவா, தட்ட மாத்திக்கலாம்!"

கூழ்க் கதை அந்த நிமிஷத்தில் கட்டியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணமான மறுவருஷம் கல்பனா நிஜமாகவே கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று நாள் யாரிடமும் பேச்சில்லை. கெஜட்டும் கதை பேசாமல் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலை, சித்தூர் பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். கையில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே கேழ்வரகுக் கூழ்.

கெஜட் மோட்டார் கொட்டகைக்குள் போய், துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

அன்றிலிருந்து அவர் அந்த ஒரு கதையைத்தான் சொல்கிறார், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். யாராவது என்னிடம் வந்து அது நிஜமா என்று கேட்டால், "நிஜம்தான், நானே பார்த்தேன்" என்கிறேன்.