கிரேன் அண்ணனும் என் வலது கையும்

திருச்சி ஜில்லாவிலேயே நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே ஆத்மா கிரேன் அண்ணன்தான். என் வீட்டில்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை. அவர் மேலே கிரேன் ஓட்டுவார். நான் கீழே நின்று கையால் சிக்னல் காட்டுவேன். தன் சிக்னல்காரன் கையை மட்டும் பார்க்க வேண்டும், மேனேஜரே வந்து கத்தினாலும் சுமையைத் தூக்கக்கூடாது என்பது கிரேன் விதி. அண்ணன் அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கியும், தாலியைப் பிடித்தபடி கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் கை காட்டிய பிறகுதான் முடிச்சு விழுந்தது. "எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்" என்று அண்ணி கடைசிவரை என்னைக் குறை சொன்னார். ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் கை காட்டாமல் அம்மாமண்டபம் ரோட்டைக் கடக்கமாட்டார். ஆட்டோக்காரர்கள் இருவரையும் சேர்த்தே திட்டுவார்கள்.

அண்ணி போன பிறகு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடிக்கடி மறந்தார். ஹைதராபாத்திலிருந்து மகள் ஓடி வந்தாள். "டாக்டர் டெஸ்ட் பண்ணட்டும். தனியா இருக்கலாம்னா இருங்கப்பா. இல்லேன்னா என்னோட வந்துடணும்."

அண்ணனும் ஒப்புக்கொண்டார்.

"நான் மேஜையில ஒரு தடவை தட்டினா நீங்களும் தட்டுங்க. ரெண்டு தடவை தட்டினா சும்மா இருங்க" என்றார் டாக்டர். ஒரு தடவை தட்டினார். அண்ணன், கூடப் போயிருந்த என்னைப் பார்த்தார். டாக்டர் மறுபடியும் தட்டினார். அண்ணன் மறுபடியும் என்னையே பார்த்தார். என்னை வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

டாக்டரிடம் கிரேன் விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மத்த டெஸ்ட்டும் சரியா வரலைங்க. அதை விடுங்க. அடுப்பை அணைக்க அவருக்கு யாரு சிக்னல் காட்டுவாங்க?"



புறப்படும் நாளன்று பெட்டியெல்லாம் காரில் ஏறிவிட்டது. அண்ணன் மட்டும் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி என் கையைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க சொன்னாத்தான் ஏறுவாரு" என்றாள் மகள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும், நின்றுவிடுவார். அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் கனமான சுமையை இறக்கும்போது காட்டும் சிக்னலைத்தான் காட்டினேன். மெதுவா, பார்த்து. சீட்டில் உட்கார்ந்தார்.

இப்போதும் ரோட்டைக் கடக்கும்போது பழக்கத்தில் கை எழும்பிவிடுகிறது. ஆட்டோக்காரர்கள் என்னை மட்டும் திட்டுகிறார்கள். அண்ணன் பக்கத்தில் இல்லாமல் அந்தத் திட்டுகூட ருசிக்கவில்லை.