திங்கட்கிழமை அனுப்பிய பெட்டி ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தது பற்றி

நுகுஅலோஃபா, டோங்கா
25 நவம்பர் 1974, திங்கள்

சூவா திரைப்பட விநியோக அலுவலகத்தின் மாதச் சுற்றறிக்கை ஆசிரியர் திரு. ராம்சமுஜ் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் என் கணவர் பிலிமோனேயும் எங்கள் திரையரங்கும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் தட்டச்சு இயந்திரமும் அவ்வாறே சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இயந்திரத்துக்காக மன்றாடக் காரணம் உண்டு. நவம்பர் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ‘சேதத்தை மறைத்த திரையரங்குகள்’ என்ற தலைப்பின் கீழ், அது எங்கள் பெயரை அடித்திருக்கிறது. தீவுகளிலுள்ள முப்பத்தொரு திரையரங்குகளும் அதைப் படித்திருக்கும். பட்டியலில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் படம் கிடையாது என்றும் கீழே போட்டிருக்கிறீர்கள். படம் இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ் வந்துவிடும், ஐயா. ஆனால் ‘மறைத்த’ என்ற சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு நான் ஆலயத்தில் முன்வரிசையில் எப்படி உட்காருவது? அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்பதற்கே இந்தக் கடிதம்.

நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பிலிம் பார்க்கும் வேலையை, பெட்டி மூடியின் உள்பக்கம் தாங்கள் ஒட்டி அனுப்பும் தாளைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். ‘வந்ததும் பார். முதல் காட்சிக்கு முன் தெரிவி. தெரிவிக்காத சேதம் உன்னுடையது.’ பத்துக் கட்டளைகளுக்கு வெளியே இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. பதினோரு வருடமாக, ஒவ்வொரு படம் வந்ததும் பாயில் உட்கார்ந்து, வெள்ளைக் கையுறை மாட்டி, ரீலை மெதுவாகச் சுற்றி, ஓரத்துத் துளைகளை விரலால் தடவி, சங்கீதம் பாடிக்கொண்டே பார்க்கிறேன். ஒரு ரீலுக்கு நான்கு பாட்டு ஆகும், கிழிசல் அதிகமிருந்தால் ஆறு. வரும்போதே இருந்த காயத்தைச் சிவப்பு மையிலும் எங்களிடம் பட்ட காயத்தைக் கறுப்பு மையிலும் எழுதுகிறேன். சிவப்பு மையில் ஏழு புட்டி தீர்ந்துவிட்டது, கறுப்பில் முதல் புட்டியே இன்னும் பாதி இருக்கிறது என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன். போன வருடம் தாங்கள் அனுப்பிய படத்தில் கதாநாயகன் குதிரையில் ஏறினான், மறுநொடி கல்யாணத்தில் மோதிரத்தோடு நின்றான். நடுவில் அறுபது அடி பிலிம் இல்லை. அவன் குதிரையையே கட்டிக்கொள்கிறான் என்று எங்கள் சனங்கள் நினைத்தார்கள். அதைக்கூட முதல் காட்சிக்கு முன்பே தந்தி அடித்துத் தெரிவித்தவள் நான். இப்படிப்பட்ட கை மறைக்குமா?

இனி தங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஐந்தாம் ரீலில் ஒரு முழ நீளத்துக்குத் துளைகள் கிழிந்து, மருந்துக்கடை பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருந்தது என்று சமோவாவின் அப்பியா திரையரங்கு முதலாளி திரு. பலானிகோ தெரிவித்திருக்கிறார், அவர் சீட்டின் தேதி அக்டோபர் 13, ஞாயிறு. படம் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதி அனுப்பிய சீட்டின் தேதி அக்டோபர் 14, திங்கள். சேதத்தை ஒருவர் கண்ட மறுநாள் ‘சேதமில்லை’ என்று இன்னொருவர் எழுதினால் அது பொய்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, தாங்கள் சூவாவில் உட்கார்ந்துகொண்டு தேதிக் கோட்டை மறந்துவிட்டீர்கள். எங்களுக்கும் சமோவாவுக்கும் நடுவே அது ஓடுகிறது. எங்கள் திங்கள் அவர்களுக்கு ஞாயிறு. திங்கள் விடியுமுன் இங்கே ஏறிய பெட்டி, ஞாயிறு காலை அங்கே இறங்கும். என் தேதியும் சரி, அவர் தேதியும் சரி. தங்கள் கணக்கு ஒன்றுதான் தவறு.

வழக்கமாகக் காட்சிகள் முடிந்த பிறகு திங்கட்கிழமை நிதானமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமைக் கப்பலில் அனுப்புவோம். இந்த முறைதான், திங்கள் விடியற்கால விமானத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்று தங்கள் தந்தி வந்தது. ஞாயிறன்று எங்கள் நாட்டில் எவரும் வேலை செய்வதில்லை என்று தங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெட்டியை நகர்த்துவதுகூடக் கிடையாது, அதன் மேல் தூசி விழுந்தாலும் திங்கள்வரை இருக்கும். ஆனால் திரு. பலானிகோ ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்திருக்கிறார்! நாங்கள் அனுப்பித்தானே அவர் திறந்தார், பாவம் யாருக்கு என்று எங்கள் போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் கவா குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு சொன்னார்: “பெட்டி ஏறினது திங்கக்கெழம. எறங்கினது ஞாயித்துக்கெழம. ஏத்தினவங்க மேல குத்தமில்ல தாயி. தொறந்தவரு பாத்துக்கட்டும்.” ஓய்வுநாளை மீறியவர் எழுதிய சீட்டை நம்பி, மீறாதவளைப் பட்டியலில் போடுவது என்ன நியாயம்? அதுவும் பிளாஸ்டர்! எங்கள் வீட்டில் பிலிமுக்குப் பிலிம் பசை, காலுக்குப் பிளாஸ்டர். இரண்டும் தனித்தனி அலமாரி. பசை அலமாரிச் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

ஆகவே டிசம்பர் சுற்றறிக்கையின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பிள்ளைகள் ஞானத்திலும் தங்கள் அலுவலகம் தேதிகளிலும் நாளுக்கு நாள் வளர ஆண்டவர் அருள்வாராக.

தங்கள் உண்மையுள்ள,
லுசேயானே வாய்லேயா

பி.கு.: உறையை ஒட்டுமுன், பெருமையாக இருந்ததால், கடிதத்தை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். போதகர் சொன்ன இடத்தில் சிரித்தார். பிளாஸ்டர் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஞாயித்துக்கெழம பெட்டியத் தொடல. திங்க விடியறதுக்குள்ள விமானத்துல ஏத்தியாச்சு. அப்ப நீ எப்ப பிலிமப் பாத்த, லுசே?” என்றார்.

“சனிக்கெழம மத்தியானம். சீட்டும் அப்பவே எழுதிட்டேன். அனுப்புற நாள் திங்களாச்சே, அதான் திங்கள்னு போட்டேன்.”

“கடைசிக் காட்சி சனிக்கெழம சாயங்காலம்ல நடந்துச்சு.”

அன்று மாலை ஐந்தாம் ரீல் சிக்கிக் கிழிந்ததாம். “பச உன் அலமாரியில. சாவி உன் இடுப்புல. நீ செபக்கூட்டத்துல. சனம் பெஞ்சத் தட்டுது. என் குதிகால்ல இருந்தத உரிச்சு ஒட்டினேன். நல்லாத்தான் ஓடிச்சு” என்றார். மறுநாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “மறுநாள் ஞாயிறு. வேலப் பேச்சு வீட்டுக்குள்ள கூடாதுன்னது யாரு?” என்றார். திங்களன்று மறந்துபோனாராம்.

ஆகவே ஐயா, மேலே எழுதியதில் தேதிக் கோடு மட்டும் உண்மை. என் சீட்டின் தேதி உண்மையல்ல. திரு. பலானிகோவுக்கு மன்னிப்புக் கடிதம் தனியாகப் போகிறது. இதையே எங்கள் அறிக்கையாக வைத்துக்கொள்ளவும்: ஐந்தாம் ரீல், ஒரு முழம், சேதம் எங்களுடையது. பெயர் பட்டியலில் இருக்கட்டும், கிறிஸ்துமஸ் படமும் வேண்டாம். எங்கள் பெயருக்கு நேரே மட்டும் ‘மறைத்த’ என்பதை அடித்துவிட்டு, ‘ஆறு வாரம் தாமதமாகத் தாமே தெரிவித்த’ என்று போடவும். கோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஆறு வாரம்தான். இரண்டு முறை எண்ணிவிட்டேன்.