சேவியருக்கு நான் போட்டுவிட்ட ‘நோ பாசரான்’

ஒப்புக்கொள்கிறேன், நான் வயிற்றெரிச்சல் பிடித்தவன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஷார்ஜா ரோலாவில் ஒரே ரூமில் இருந்த சேவியர்மேல் அது முழுவேகத்தில் எரிந்தது.

கம்பெனியில் ஒரு பிக்கப் வந்திருந்தது. யார் முதலில் லைசென்ஸ் எடுக்கிறாரோ அவருக்குத்தான் சாவி. நான் ஆறு டெஸ்ட் ஃபெயில். (ஏழாவது டெஸ்ட் தேதியை ஊருக்குக்கூடச் சொல்லவில்லை.) சேவியருக்கும் அதே நாளில் டெஸ்ட், முதல் தடவை. குளச்சல்காரன், வள்ளம் ஓட்டிய தைரியம். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் சைட்டில் ஸ்பெயின்கார எஞ்ஜினியரின் ஏ.சி.யைச் சரிசெய்தேன். சந்தோஷத்தில் ஒரு சிவப்பு டீ-ஷர்ட் கொடுத்தார். நெஞ்சில் ‘NO PASARAN’. அர்த்தம் கேட்டேன். “தே ஷல் நாட் பாஸ்” என்றார்.

பாஸ் ஆகமாட்டார்கள்! தெய்வமே கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

“டெஸ்டுக்கு இதப் போட்டுக்க, ராசியான சட்டை” என்று சேவியரிடம் நீட்டினேன்.

“லேய் மக்கா, ஒனக்கு எம்மேல இவ்ளோ பாசமால?” என்றான். கண்கூடக் கலங்கியது.

டெஸ்ட் காரில் முதலில் அவன் ஓட்டினான். போலீஸ்காரர், “கலாஸ் (முடிஞ்சுது), பாஸ்” என்றார். அடுத்து நான். கண்ணாடியில் பின்சீட்டுச் சிவப்புச் சட்டையையே முறைத்துக்கொண்டு ரவுண்டானாவில் நின்றவன், வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டேன். ஏழாவது ஃபெயில்.

மறுநாள் சைட்டில் சேவியர்மேல் அந்தச் சட்டையைப் பார்த்த எஞ்ஜினியர் உற்சாகமாக விளக்கினார். அவர்கள் ஊர் உள்நாட்டுப் போரில் எதிரி மாட்ரிட் வாசலுக்கே வந்தபோது ஜனங்கள் முழங்கியதாம்: ‘இதைத் தாண்டி வர விடமாட்டோம்’. அதற்கும் முன்பே, முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் இதையே அவர்கள் மொழியில் சொன்னார்களாம்.

என் வாய் சும்மா இருந்ததா? “அப்ப டெஸ்ட்ல பாஸ் ஆகமாட்டான்னு அர்த்தம் இல்லையா?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

சேவியர் மெல்லத் திரும்பினான். “அதுக்குத்தானால போட்டுவிட்ட?” எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவன் எஞ்ஜினியரிடம் திரும்பி, கடைசியில் எதிரி என்ன ஆனான் என்று கேட்டான்.

“உள்ளே வந்துவிட்டான்” என்றார் அவர், வருத்தமாக.

“பாத்தியாலே? அங்கயும் பாஸ் ஆயிட்டானுவ!”

ஒன்பதாவது டெஸ்டில் நானும் பாஸானேன், பிக்கப் ஓட்டப் பழக்கிவிட்டது சேவியர்தான். இன்றும் பரீட்சைக்குக் கிளம்பும் மகளிடம் ‘ஆல் தி பெஸ்ட்’ சொன்னால், “சட்டை எதுவும் குடுக்கலையேப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள்.