பல்கேரியா அண்ணையின் வாழ்நாள் தடை

பல்கேரிய உதைபந்தாட்டத்தைப் பற்றி உலகத்திலேயே அதிகம் பேசிய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், பல்கேரியர்கள் அத்தனை பேரும் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். வென்றிருக்கக்கூடியவர் பாரிசின் லா சப்பலில், ஒரு தமிழ் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அதை அறிந்தவர்கள் பிரெஞ்சு அரசாங்கமும் அவருடைய மனைவியும் மட்டும்தான். எங்களுக்கு அவர் பல்கேரியா அண்ணை.

அந்தக் கடைக்கு அவசரமாகப் போகிறவன் மடையன். பையைத் தராசில் வைத்தால், அண்ணை தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிடுவார். நிறை தெரியாது, விலை தெரியாது, பை கைக்கு வராது. பிறகு தொடங்குவார்.

“தம்பி, உமக்கு ஒண்டு தெரியுமோ? அங்கை முதன்முதல் நாடு முழுக்கப் போட்டி வைச்ச வருசமே இடையிலை குழப்பம் வந்து, சாம்பியன் எண்டு ஒருத்தரும் இல்லாமல் போச்சுது. அடுத்த வருசம்தான் வர்ணா எண்ட கடற்கரைப் பட்டினத்துக்காரர் வெண்டவை.”

“அண்ணை, எனக்கு மெற்றோவுக்கு நேரமாச்சு.”

“மெற்றோ அடுத்தது வரும். வர்ணாக்காரர் லீக்கை வெண்டு எவ்வளவு காலம் எண்டு யோசியும்.”

நான் யோசிக்கவில்லை. என் பின்னால் நின்ற வரிசையும் யோசிக்கவில்லை. கத்தரிக்காயோடு நின்ற அம்மா ஒருவர் மட்டும், எப்படியாவது வெளியே போனால் போதும் என்று, “ஐயோ பாவம் வர்ணா” என்றார்.

பல்கேரியக் கழகங்களின் பெயர்கள் எங்கள் நாக்குகளில் ஏறமாட்டா என்று முடிவு செய்து எல்லாவற்றுக்கும் அவரே தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். சோபியா நகரத்தில் இராணுவம் தொடங்கிய சிவப்புக் கழகம் பட்டாளத்தார். அதன் பரம எதிரி நீலச்சட்டையார். ரயில் தொழிலாளருடைய கழகங்கள் எல்லாம் ரயில்காரர். ஒருகாலத்தில் அரசாங்கம் இந்தக் கழகத்தை அந்தக் கழகத்தோடு சேர்த்ததையும், பிறகு பிரித்ததையும், பெயர் மாற்றியதையும், மாற்றிய பெயரைத் திரும்ப மாற்றியதையும், பட்டாளத்தாரின் வாரிசு நாங்கள்தான் என்று இன்றைக்கும் இரண்டு கழகங்கள் அடிபடுவதையும், ரஸ்கிராட் என்ற சின்னப் பட்டினம் எங்கிருந்தோ வந்து வருசா வருசம் எல்லோரையும் வென்றதையும் தன் குடும்பத்துக் காணிச் சண்டையைப் போலச் சொல்லுவார். பாரிசில் இருந்துகொண்டு பாரிசுக் கழகத்தின் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பைத்தியம் பிடித்தாலும் ஒரு பிரேசிலைப் பிடித்துத் தொலைத்திருக்கலாம்.

பல்கேரியா, அவர் ஊரை விட்டுப் பாரிசுக்கு வந்த வழியில் அகப்பட்ட நாடு. களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் “ரெண்டு கிழமை” என்று சொல்லிச் சோபியாவில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அந்த இரண்டு கிழமை ஒரு பனிக்காலத்தையும் தாண்டி நீண்டது. நாங்களும் வழியில் ஒவ்வொரு நாட்டில் கிடந்தவர்கள்தான். நான் மாஸ்கோவில் கிடந்தேன். அதற்காக ரஷ்யாவின் கோதுமை விளைச்சலைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டா திரிகிறேன்?

சோபியாவில் ஆட்டம் பார்க்கப் போன கதையை அவர் எடுத்த ஒருநாள், எரிச்சலில் நேரே கேட்டேன்.

“விசா இல்லாமல் ஒளிச்சிருந்த ஆளுக்கு மைதானத்திலை என்ன வேலை அண்ணை?”

“அவ்வளவு சனத்துக்குள்ளை நிண்டால் பொலிஸ் விசாவைக் கேக்காது தம்பி. பக்கத்திலை நிண்டவன் என்ரை கையிலை சூரியகாந்தி விதை அள்ளிப் போட்டான். அவன் கொறிச்சுத் துப்பினான், நானும் கொறிச்சுத் துப்பினன். கோல் விழுந்த உடனை என்னைக் கட்டிப்பிடிச்சான். ஊரை விட்டு வெளிக்கிட்டதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைக் கட்டிப்பிடிக்கேல்லை.”

“அவன் எந்தப் பக்கம்? சிவப்போ, நீலமோ?”

“ஆருக்குத் தெரியும்? பனி. எல்லாரும் கறுப்புக் கோட்டு. எவன் என்னைக் கட்டிப்பிடிச்சவன் எண்டு கண்டுபிடிக்கத்தான் எல்லாக் கழகத்தின்ரை சரித்திரத்தையும் படிக்கத் தொடங்கினன்.”

கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தோல்வியின் தண்டனையைத்தான் லா சப்பலில் மரக்கறி வாங்கிய அத்தனை பேரும் அனுபவித்தோம்.

கடையோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். ஆனால் கோடையில், பாரிசுக்கு வெளியே திரான்சிப் பக்கத்து மைதானம் ஒன்றில், நாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரில் இயங்கும் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். அதன் அறிவிப்பாளர் அவர்தான். வருடம் முழுக்க நீல ஏப்ரனோடு நிற்கிற மனிதர் அன்றைக்கு மட்டும் கோட்டு, கழுத்துப் பட்டி, வாயில் தொண்டைக்கு இதமான இனிப்பு என்று வந்து மேடையில் ஏறுவார். ஏறிய உடனேயே மைதானம் பல்கேரியாவுக்குப் போய்விடும்.

“அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! பந்து இப்பொழுது மூலை உதைக்காக வைக்கப்படுகின்றது. இதே போன்றதொரு மூலை உதையின்போது, ஸ்தாரா சகோரா என்னும் நகரிலே…”

ஸ்தாரா சகோராவில் பந்து மேலே எழும்புவதற்குள் இங்கே கோல் விழுந்து, கட்டிப்பிடித்து, மத்தியில் பந்து வைத்தும் ஆகிவிட்டிருக்கும். கோல் அடித்த பையனின் தாய் விழாக் குழுவிடம் வந்து, “என்ரை பிள்ளை கோல் அடிக்கேக்கை இந்தாள் பல்கேரியாவிலை நிக்குது. வீடியோவிலை பிள்ளையின்ரை பேரே இல்லை” என்று அழுதார்.

விழாக் குழு கூடியது. நானும் அதில் இருந்தேன். எனக்குத் தேநீர்ப் பொறுப்பு. ஒலிவாங்கியில் பல்கேரியா என்ற சொல் இனி ஒருதடவை வந்தாலும் அண்ணையிடமிருந்து மைக்கைப் பறிப்பது என்று முடிவாயிற்று. அதை அவருக்குச் சொல்ல என்னை அனுப்பினார்கள். தேநீர் கொடுக்கிறவன் கெட்ட செய்தியும் கொடுக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

கடைக்குப் போய்ச் சொன்னதும், தராசில் இருந்த என் பையின் மேலிருந்து அண்ணை கையை எடுத்தார். அப்படி எடுத்ததை அன்றுதான் கண்டேன்.

“வருசத்திலை ஒரு நாள்தான் தம்பி சனம் என்ரை குரலைக் கேக்கிறது. அந்த மைக்கும் போனால் நானும் இந்த வெண்டிக்காயும் ஒண்டுதான். சரி, சொல்லமாட்டன்.”

சொன்னபடியே அந்த வருடப் போட்டியில் காலை முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்கச் சகிக்கவில்லை. “பந்து போகின்றது… பந்து வருகின்றது… பந்து வெளியே போய்விட்டது” என்று, ரயில் நிலையத்தில் அறிவிக்கிறவரைப் போல. மூலை உதை வந்தபோதெல்லாம் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இனிப்பை விழுங்கினாரா ஸ்தாரா சகோராவை விழுங்கினாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

மத்தியானம் வந்தது மஞ்சள் கழகம். ஊர்ப் பெயரைச் சொன்னால் இரண்டு பகுதியும் என் வீட்டு வாசலில் நிற்கும் என்பதால் சட்டை நிறத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது என்ற உலக முக்கியத்துவம் வாய்ந்த பிரச்சினையில் அந்தக் கழகம் இரண்டாக உடைந்திருந்தது. இரண்டுக்கும் அதே பெயர், அதே கொடி, அதே மஞ்சள் சட்டை. தலைவர்கள் இருவரும் சொந்த மச்சான்மார். ஒபர்வில்லியேயில் சட்டை அச்சடிக்கிறவரிடம் இரண்டு பேரும் தனித்தனியே போய் ஒரே ஓடரைக் கொடுத்திருக்கிறார்கள். மறதியில் மறுபடி கேட்கிறார்கள் என்று நினைத்து அந்த மனிதர் இலக்கத்தைக்கூட மாற்றாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்.

சீட்டு எடுத்தபோது அரையிறுதியில் மஞ்சளுக்கு எதிரி மஞ்சள்.

“ஒரு பகுதி சட்டையை மாத்துங்கோ” என்றார் நடுவர்.

“மாத்துறவை கிளை எண்டு ஆகியிடும். நாங்கள் தாய்க்கழகம்” என்றார் முதல் தலைவர்.

“ஓம், தாய்க்கழகம்! உம்மடை தாய்க்கழகத்துக்குப் பொன்னாடை போர்த்தினது ஆர் எண்டு சொல்லும் பாப்பம்” என்றார் மச்சான்.

காரில் வைத்திருக்கிற பாதுகாப்பு அங்கிகளை ஒரு அணி போடலாம் என்று யாரோ மூளைசாலி சொன்னான். ஓடிப்போய் ஒரு குவியல் கொண்டுவந்தார்கள். எல்லாம் மஞ்சள். இதற்குள் தலைவர்கள் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள். பொன்னாடை கிடைத்தவரும் கிடைக்காதவரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடப் போனார். இப்படியே போனால் வாசலைப் பூட்டப் போவதாக நகரசபையிலிருந்து வந்த காவலாளி திறப்பைக் காட்டினார். விளையாட வேண்டிய பெடியளோ ஒரே மர நிழலில் இருந்து, ஒரே போத்தலில் தண்ணீர் குடித்து, பிரெஞ்சில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் தாயா கிளையா என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

“அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே. பல்கேரியாவிலே…”

மைதானம் அப்படியே நின்றது. நான் கையிலிருந்த தேநீரோடே மேடைக்கு ஓடினேன்.

“பல்கேரியாவிலே ஒருமுறை, கோப்பைக்கான இறுதிப் போட்டியிலே, பட்டாளத்தாரும் நீலச்சட்டையாரும் இப்படித்தான் அடிபட்டனர். எது சரி, எது பிழை என்று அரசாங்கம் ஆராயவில்லை. இரண்டு கழகங்களையும் கலைத்துப் புதுப் பெயர் வைத்தது. இந்த ஒலிவாங்கியின் அதிகாரத்தின்படி மஞ்சள் கழகங்கள் இரண்டும் இத்தால் கலைக்கப்படுகின்றன! ஓர் அணி பட்டாளத்தார். ரோல்ஸ் கடையின் சிவப்பு ஏப்ரனை அணிக. மற்றைய அணி நீலச்சட்டையார். எமது மரக்கறிக் கடை வானிலே நீல ஏப்ரன்கள் உள்ளன.”

இரண்டு பேரும் மாற்றுவதால் யாரும் கிளையாகவில்லை. தலைவர்கள் இதை யோசித்து முடிப்பதற்குள் பெடியள் சிரித்துக்கொண்டே ஏப்ரன்களைக் கட்டிவிட்டார்கள். நடுவர் வாயில் ரோல்சோடு ஓடிவந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வர்ணனை என்று சொல்ல முடியாது. எத்தனையோ வருடம் நெஞ்சுக்குள் கிடந்த சோபியாப் போட்டி முழுவதையும் அண்ணை திரான்சி வெயிலில் இறக்கினார். “பனி கொட்டுகின்றது பெருமக்களே!” என்றார். எங்களுக்கு வியர்வை கொட்டியது. முதலில் சிரித்த சனம் பிறகு சத்தம் போடத் தொடங்கியது. ரோல்ஸ் கடைக்காரர் தன் ஏப்ரன்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தபோது அண்ணை மைக்கை எறிந்துவிட்டு, பக்கத்தில் நின்றவனை இறுகக் கட்டிப்பிடித்தார். பக்கத்தில் நின்றவன் நான். தேநீர் முழுக்க என் வெள்ளைச் சட்டையில்.

ஆட்டம் முடிந்ததும் மச்சான்மார் இருவரும் ஒன்றாக விழாக் குழுவிடம் வந்தார்கள்.

“எங்கட கழகத்தைக் கலைக்க இவர் ஆர்?” என்றார் ஒருவர்.

“அதுதானே! எங்கட கழகத்துக்கு ஏப்ரன் கட்டிவிட இவர் ஆர்?” என்றார் மற்றவர்.

இரண்டு வாயிலிருந்தும் ‘எங்கட கழகம்’ ஒன்றாக வந்தது, உடைந்த பிறகு அன்றுதான். அண்ணையைத் திட்டித் திட்டியே அவர்கள் ஒற்றுமையாகி, இன்று அது ஒரே கழகம். அதை ஒட்டவைத்த மனிதருக்கு விழாக் குழு கொடுத்த பரிசு, ஒலிவாங்கியைத் தொட வாழ்நாள் தடை. இந்த அறிவாளிகளோடுதான் நான் தேநீர் ஊற்றிக் காலம் தள்ளுகிறேன்.

மைக்கின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு அண்ணை சிரித்தார். “அங்கை அடிபட்ட பெடியள் சிலருக்கும் வாழ்நாள் தடைதான் தம்பி போட்டவங்கள். கனகாலம் போக முதல் எடுத்துப்போட்டாங்கள்.”

“அது கிடக்கட்டும் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை வானுக்குள்ளை இவ்வளவு ஏப்ரன் எப்பிடி வந்தது?”

“தோய்க்கக் கொண்டு போனது.”

எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பல்கேரியாவில் எடுத்த தடையை இங்கே எடுக்கவில்லை. இரண்டு கோடை போய்விட்டது. புதிய அறிவிப்பாளர் கோல் அடித்தவனின் பெயரைச் சரியாகச் சொல்கிறார், இடையிடையே பாட்டுப் போடுகிறார். ஒரு பிழையும் இல்லை. கேட்டால் கொட்டாவி வருகிறது. கடையிலும் இப்போது வரிசை பறக்கிறது. அண்ணை பையை வைக்கிறார், நிறுக்கிறார், விலையைச் சொல்லி நீட்டுகிறார். அவ்வளவுதான். கத்தரிக்காய் அம்மாவே ஒருநாள், “உவருக்கு ஏதும் வருத்தமோ?” என்று என்னிடம் கேட்டார்.

போன சனிக்கிழமை போனேன். மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் இருக்கிற என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஏற்கெனவே வெண்டிக்காய் வாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு பை நிறையப் பொறுக்கித் தராசில் வைத்தேன். அண்ணை கண் மூடித் திறப்பதற்குள் நிறுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

“அண்ணை, விழாக் குழுக் கூட்டம் வருது. தடையை எடுக்கச் சொல்லி நான் கேக்கப்போறன். அவங்கள் மாட்டன் எண்டால் தேத்தண்ணியை அவங்களே ஊத்தட்டும்.”

அவர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதுசரி, அந்தக் கோப்பைச் சண்டையிலை ஆர் அண்ணை முதல் கை வைச்சது? பட்டாளத்தாரோ, நீலச்சட்டையாரோ?”

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். பையைத் திரும்பத் தராசில் வைத்து, மெதுவாகத் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“உமக்கு மெற்றோவுக்கு நேரமாகேல்லையோ?”

“மெற்றோ அடுத்தது வரும் அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ.”