நீலக்கொக்கு பாட்டில்களின் வெள்ளிவிழா

உலகத்து நாகரிகங்களெல்லாம் ஆற்றங்கரையில் வளர்ந்தன; 'நீலக்கொக்கு' பீர் நாகரிகம் மட்டும் காரைக்கால் எல்லையோரத்து வரிச்சிக்குடியில், வலது குதிகாலை ஊன்றாமல் நடக்கும் நீலமேகத்தின் வயலில் வளர்ந்தது.

காரைக்கால் பீரைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியூர் அன்பர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சோதனைச் சாவடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சரக்கை வயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, காலி பாட்டிலை நீலமேகத்தின் வயலில் 'ஒப்படைத்துவிட்டு'ப் போவார்கள். வயிற்றுக்குச் சோதனை கிடையாது. இருபத்தைந்து வருஷமாக இந்த ஒழுக்கம் ஒருநாளும் தவறியதில்லை.

இந்த வருஷம் சம்பா நடவுக்கு ஆள் இறங்கவில்லை.

"போன வருஷம் மூணு பேருக்குக் காலு கிழிஞ்சிதுண்ணே. கண்ணாடிய அள்ளுங்க, அப்பறம் எறங்குறோம்" என்று சொல்லிவிட்டாள் நடவுக்காரி சௌந்தரவல்லி.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நீலமேகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தெய்வம் மாதிரி வந்தார் பீர் ஆலை மேலாளர் பஸ்கால். ஆலைக்கு வெள்ளிவிழா, அருங்காட்சியகம் திறக்கிறார்கள், ஆனால் ஆலையில் பழைய பாட்டில் ஒன்றுகூட இல்லை.

"ஒங்க வயல்ல எல்லா வருஷத்து பாட்டிலும் இருக்காமே?"

"அள்ளிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்" என்றார் நீலமேகம். கண்ணே கலங்கிவிட்டது.

எட்டுப் பேர் கையுறையும் தூரிகையுமாக இறங்கினார்கள். முழு பாட்டில்களைப் பச்சைக்குழந்தை மாதிரி ஏந்திக் கழுவிப் பெட்டியில் வைத்தார்கள். சில்லுகள் அப்படியே கிடந்தன.

"இதெல்லாம்?"

"ஒடைஞ்சது வரலாறு ஆவாதுங்க. அது குப்பை."

"குப்பைய யாரு அள்றது?"

"வயலு ஒங்களுதுதானே?" என்று பணிவாகக் கேட்டார் பஸ்கால்.

விழாவில் நீலமேகத்துக்குச் சால்வையும் 'பாரம்பரியக் காவலர்' பட்டமும் கொடுத்தார்கள். நடவு நடக்காமல் சும்மா இருந்த பெண்களுக்குப் பிரியாணி போட்டார்கள். இருபத்துநான்கு வருஷத்துப் பாட்டில்கள் வரிசையாக மின்னின. முதல் கண்ணாடிப் பெட்டி மட்டும் காலி.

"மொத வருஷத்துப் பச்சை பாட்டில் மட்டும் கெடைக்கலங்க" என்று ஒலிபெருக்கியில் உருகினார் பஸ்கால். "யாருகிட்டயாவது இருந்தா குடுங்க. ஒடைஞ்ச துண்டா இருந்தாலும் பரவால்ல."

நீலமேகம் சால்வையோடு எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்தார்.

"குதிகால்ல இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில எடுக்க முடியாதுன்னுட்டாங்க. நீங்க எடுத்துக்குங்க."

அவருக்குப் பின்னால், பாதத்துக்குள் மற்ற வருஷங்களோடு, சௌந்தரவல்லியும் நடவுப் பெண்களும் செருப்பைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.